ஆண்களின் காதல், பெண்களின் வாசிப்பு

ஜப்பானில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் கதைகளுக்கென்றே தனிப் பதிப்பகங்கள் இருக்கின்றன. தனி இதழ்கள் வருகின்றன. புத்தகக் கடைகளில் தனி அடுக்குகள் உண்டு. 'பாய்ஸ் லவ்' என்றும் சுருக்கமாக 'பிஎல்' என்றும் அழைக்கப்படும் இந்தப் படக்கதைகளையும் நாவல்களையும் படைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொள்ளும் இலக்கியம் அங்கே வேறாக இருக்கிறது. பிஎல் அதிலிருந்து பிரிந்து வந்த கிளை அல்ல. அது சிறுமிகளுக்கான படக்கதை இதழ்களில் பிறந்தது, பள்ளி மாணவிகளின் கைக்காசில் வளர்ந்தது. ஐம்பது ஆண்டுகளில் சீனம், தாய்லாந்து, கொரியா என்று பரவி, இன்று கிழக்காசியாவின் வெகுஜனக் கலையில் ஒரு பெரிய பகுதியாகிவிட்டது.

இதற்கு முன்னோடி என்று விமர்சகர்கள் காட்டுவது மோரி மாரி (1903–1987) என்ற எழுத்தாளரை. நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தூண்களில் ஒருவரான மோரி ஓகாயின் மகள் இவர். இரண்டு முறை மணமாகி, இரண்டு முறையும் மணமுறிவு பெற்றவர். முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. 1961-ல் 'காதலர்களின் காடு' என்ற கதையில் வசதியும் வயதும் மிகுந்த ஓர் ஆணுக்கும் அழகான ஓர் இளைஞனுக்கும் இடையிலான காதலை அவர் எழுதினார். நிஜ டோக்கியோவின் சாயல் குறைவாகவும் கற்பனை ஐரோப்பாவின் சாயல் கூடுதலாகவும் உள்ள உலகம் அது. அழகு, ஆடம்பரம், பொறாமை, மரணம் எல்லாம் கலந்த அந்த மணம் பின்னாளில் வந்த படக்கதைகளிலும் நெடுங்காலம் வீசியது. ஆனால் மோரி மாரி தனி ஆள். அவரால் ஒரு வாசகிக் கூட்டம் உருவாகவில்லை. அது உருவானது படக்கதைகளால்.

1960-களின் இறுதிவரை ஜப்பானியச் சிறுமிகளுக்கான படக்கதைகளைத் தீர்மானித்தவர்கள் ஆண்கள். இதழாசிரியர்கள் ஆண்கள், வரைந்தவர்களிலும் கணிசமானோர் ஆண்கள். தாயைப் பிரிந்து தவிக்கும் மகள், பாலே நடனம் கற்கும் ஏழைப் பெண், நல்ல பையனுக்காகக் காத்திருக்கும் மாணவி என்று கதைகள் ஒரு வட்டத்துக்குள் சுழன்றன. சிறுமிக்கு என்ன பிடிக்கும் என்பதை நடுவயது ஆசிரியர் முடிவு செய்தார். அந்த நிலையை மாற்றியது 1949-ஐ ஒட்டிப் பிறந்த பெண் ஓவியர்களின் ஒரு தலைமுறை. ஜப்பானிய ஷோவா ஆண்டுக் கணக்கில் 1949 என்பது 24-ஆம் ஆண்டு. அதனால் அவர்களுக்கு '24-ஆம் ஆண்டுக் குழு' என்ற பெயர் நிலைத்தது. ஹாகியோ மோட்டோ, தாகெமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ, யாமாகிஷி ரியோகோ, கிஹாரா தோஷியே ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஓய்ஸுமி என்ற இடத்தில், முட்டைக்கோஸ் வயலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய வாடகை வீட்டில் 1970 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் ஹாகியோவும் தாகெமியாவும் சேர்ந்து வசித்தார்கள். இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. வீட்டுக்கு எதிரே இருந்தவர் மசுயாமா நோரியே. அவர் ஓவியர் அல்ல. ஆனால் இந்தக் கதைகளின் வரலாற்றை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இசை, ஐரோப்பியத் திரைப்படம், நாவல் என்று தேடித் தேடிச் சேர்த்த ரசனை அவருடையது. 'சித்தார்த்தன்' வழியாகத் தமிழ் வாசகர்களும் அறிந்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களை, குறிப்பாக மாணவர் விடுதிகளையும் இளைஞர் நட்புகளையும் பற்றியவற்றை, அவர் தோழிகளுக்குக் கொடுத்துப் படிக்கச் செய்தார். சிறுமிகளுக்கான படக்கதையும் இந்த அளவுக்கு உயர முடியும், உயர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பல ஊர்களிலிருந்து வந்த இளம் பெண் ஓவியர்கள் அந்த வீட்டில் தங்கினார்கள், இரவெல்லாம் பேசினார்கள், ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் மை தீட்டினார்கள். 1972-ல் தாகெமியா, ஹாகியோ, மசுயாமா, யாமாகிஷி நால்வரும் ஐரோப்பாவுக்குப் போய் ஒன்றரை மாதம் சுற்றிப் பார்த்தார்கள். கற்பனையாக வரைந்துகொண்டிருந்த சன்னல்களும் மாடிப்படிகளும் நிஜத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

தாகெமியா 1970 இறுதியிலேயே இரண்டு சிறுவர்களின் நேசத்தைச் சொல்லும் ஒரு சிறுகதையை வெளியிட்டிருந்தார். ஹாகியோ 1971-ல் 'நவம்பர் மாதப் பள்ளி' என்ற கதையை வரைந்தார். அதை முதலில் பெண்கள் பள்ளியில் நடப்பதாகவே வரைந்து பார்த்திருக்கிறார், சரிப்பட்டு வரவில்லை. பாத்திரங்களை ஆண் பிள்ளைகளாக மாற்றியதும் சொல்ல நினைத்ததைத் தடையில்லாமல் சொல்ல முடிந்தது என்று பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். பெண்கள் ஏன் ஆண்களின் காதலை எழுத வந்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது. ஒரு பெண் பாத்திரம் வந்தவுடன் அவள் எப்படி நடக்க வேண்டும், எதைப் பேசக் கூடாது, யாருக்காக வெட்கப்பட வேண்டும் என்ற வீட்டுச் சட்டங்கள் எல்லாம் அவளோடு கதைக்குள் வந்துவிடுகின்றன. ஆண் பிள்ளையோடு அவை வருவதில்லை.

அந்தச் சிறுகதையிலிருந்து விரிந்ததுதான் 1974-ல் தொடராக வந்த 'தோமாவின் இதயம்'. ஜெர்மனியில் ஒரு மாணவர் விடுதிப் பள்ளி. தோமா என்ற சிறுவன் பாலத்திலிருந்து விழுந்து இறக்கிறான். அவன் நேசித்த யூலிக்கு அவன் எழுதிய கடிதம் இறப்புக்குப் பின் வந்து சேர்கிறது. பிறகு அதே முகச் சாயலோடு இன்னொரு மாணவன் பள்ளிக்கு வருகிறான். தான் நேசிக்கத் தகுதியற்றவன் என்று நம்பும் யூலியின் மனம் மெல்லத் திறப்பதுதான் கதை. வாசகர் வாக்கெடுப்பில் முதல் அத்தியாயம் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட, தொடரை நிறுத்திவிடலாம் என்று இதழில் பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில் ஹாகியோவின் மற்றொரு படைப்பான 'போ குலம்' நூலாக வெளிவந்து, முதல் அச்சின் 30,000 பிரதிகளும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. 'தோமாவின் இதயம்' பிழைத்தது. இதழாசிரியர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசகிக் கூட்டம் வெளியே காத்திருந்ததை அந்த 30,000 பிரதிகள்தான் காட்டிக்கொடுத்தன.

தாகெமியாவின் போராட்டம் இன்னும் நீண்டது. 'காற்றும் மரங்களும் பாடும் பாட்டு' என்ற தொடரை 1970-ஐ ஒட்டியே அவர் மனத்தில் உருவாக்கிவிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதி, தென் பிரான்ஸில் ஒரு விடுதிப் பள்ளி, நெருங்கிய உறவினரால் சிறு வயதிலிருந்து சீரழிக்கப்பட்ட கில்பெர்ட், ரோமா இனத்தாய்க்குப் பிறந்ததால் இழிவைச் சந்திக்கும் செர்ஜ். ஆசிரியர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். கதையை மென்மையாக்கினால் போடலாம் என்ற நிலையை அவர் ஏற்கவில்லை. முதலில் எல்லோருக்கும் பிடித்த ஒரு தொடரைத் தந்து செல்வாக்கைச் சம்பாதிப்பது, பிறகு அந்தச் செல்வாக்கை வைத்து இதைக் கேட்பது என்று திட்டமிட்டு, எகிப்தியப் பின்னணியில் 'பரோவாவின் கல்லறை' என்ற சாகசக் கதையை வரைந்தார். திட்டம் பலித்தது. 1976-ல் தொடர் தொடங்கியது. 1984 வரை நீண்டது. குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசச் சொல்லே இல்லாதிருந்த காலத்தில், அதைப் பதின்வயதுப் பெண்களுக்கான ஒரு தொடர் எட்டு ஆண்டுகள் பேசியது. கில்பெர்ட் பெண்ணாக இருந்திருந்தால் அந்தக் கதையைப் படிப்பதே பல வாசகிகளுக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வது ஏற்கத்தக்கது. தன் உடலிலிருந்து ஓரடி தள்ளி நின்று பார்க்கும்போதுதான் சில காயங்களைப் பார்க்க முடிகிறது.

தாகெமியா பின்னாளில் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஹாகியோவோடு இருந்த நட்பு 1973-ஐ ஒட்டி முறிந்தது. அந்த முறிவின் வலியை ஹாகியோ 2021-ல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஓய்ஸுமி வீட்டை ஒரு பொற்காலமாக மட்டும் பேசிவந்தவர்களுக்கு அந்த நூல் ஒரு திருத்தம்.

1978-ல் சான் என்ற பதிப்பகம் ஆண்களின் காதலுக்கென்றே பெண்களுக்கான ஓர் இதழைத் தொடங்கியது. விரைவில் 'ஜுனே' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. இதே பதிப்பகம் தன்பாலீர்ப்பு ஆண்களுக்காக 'சாபு' என்ற இதழையும் நடத்திவந்தது; இரண்டுக்கும் வாசகர்கள் வேறு, சுவை வேறு. 'ஜுனே'யின் உண்மையான சாதனை அதில் வந்த கதைகள் அல்ல, அது நடத்திய வகுப்புகள். தாகெமியா அதில் வரையக் கற்றுக்கொடுத்தார். நாவலாசிரியர் குரிமோட்டோ கவோரு, நாகாஜிமா அஸுசா என்ற தம் இன்னொரு பெயரில், வாசகிகள் அனுப்பும் கதைகளைத் தாட்சண்யமில்லாமல் அலசும் பயிற்சிப் பகுதியை 1984 முதல் நடத்தினார். அங்கே திட்டு வாங்கிய வாசகிகள் பலர் அடுத்த பத்தாண்டின் எழுத்தாளர்களானார்கள். இந்தத் துறையில் வாசகிக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான கோடு தொடக்கத்திலிருந்தே மெல்லியது.

அந்தக் கோட்டை இன்னும் மெலிதாக்கியது 'காமிக் மார்க்கெட்'. 1975 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த முதல் சந்தையில் 32 குழுக்கள் கடை விரித்தன. வந்தவர்கள் எழுநூறு பேர் அளவில். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள், சிறுமியர் படக்கதைகளின் ரசிகைகள். சொந்தச் செலவில் அச்சிட்ட சிறு நூல்களை நேருக்கு நேர் விற்கும் இடம் அது. 1980-களின் நடுவில் 'கேப்டன் சுபாசா' என்ற சிறுவர்களுக்கான கால்பந்துத் தொடரின் வீரர்களை ஒருவரோடு ஒருவர் காதலில் இணைத்து ரசிகைகள் எழுதிய கதைகள் அந்தச் சந்தையை நிறைத்தன. மூலக்கதையில் அவர்கள் பந்துக்காக மோதுகிறார்கள். ரசிகைகள் அந்த மோதலுக்குள் இருந்த தீவிரத்தைப் பார்த்தார்கள். ஒருவனை வெல்ல வேண்டும் என்று இரவும் பகலும் அவனையே நினைத்துக்கொண்டிருப்பது காதலுக்கு எவ்வளவு தொலைவு? சிறுவர் கதைகளில் ஆண்கள் ஒருவரையொருவர் அந்த அளவுக்குக் கவனித்தார்கள். பெண் பாத்திரங்களோ மைதானத்துக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். ஆழமான உறவு எங்கே இருந்ததோ அங்கேயே ரசிகைகள் காதலையும் வைத்தார்கள்.

இதே காலத்தில், ஜப்பானோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இதுவே நடந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டயன் மார்ச்சன்ட் எழுதிய சிறு கதை 1974-ல் ஒரு ரசிகர் இதழில் வந்தது. அச்சில் வந்த முதல் கதையாக அதையே குறிப்பிடுகிறார்கள். தொடர்ந்து எழுதியவர்களும் அஞ்சலில் வாங்கிப் படித்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளரும் பெண்ணியவாதியுமான ஜோனா ரஸ் 1985-லேயே இந்தக் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதி, பெண்கள் பெண்களுக்காகவே படைத்துக்கொண்ட வேட்கை இலக்கியம் இது என்று வாதிட்டார். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழி உலகங்களில் ஒரே பத்தாண்டில் ஒரே வகைக் கதை முளைத்தது என்றால், காரணத்தை ஜப்பானியப் பண்பாட்டில் மட்டும் தேடுவது பயனற்றது.

காரணங்களைப் பலரும் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். விமர்சகர் ஃபுஜிமோட்டோ யுகாரி சொன்னது பரவலாக ஏற்கப்பட்டது: பெண்ணாகப் பிறந்ததால் காதலிலும் காமத்திலும் வந்து சேரும் அச்சங்களை இறக்கி வைத்துவிட்டு அவற்றை நெருங்கிப் பார்க்க, ஆண் உடல் என்ற முகமூடி சிறுமிகளுக்கு உதவியது. இந்த அச்சங்கள் கற்பனையல்ல. ஜப்பானில் கருத்தடை மாத்திரைக்கு அரசு அனுமதி கிடைத்ததே 1999-ல்தான். திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற எழுதாத விதி அலுவலகங்களில் நெடுநாள் நீடித்தது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் எந்தக் கதையிலும் கர்ப்பம், கல்யாணம், மாமியார் வீடு என்ற மூன்றும் வாசலில் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்களின் கதையில் அவை இல்லை. காதல் மட்டும் தனியாக எப்படி இருக்கும் என்று பார்க்க முடிந்தது.

இன்னொரு காரணம் பார்வை சம்பந்தப்பட்டது. ஓவியத்திலும் திரைப்படத்திலும் பார்க்கப்படுபவள் பெண், பார்ப்பவன் ஆண் என்பதே வழக்கம். இந்தக் கதைகளில் ஆண் உடல் பார்க்கப்படுகிறது, பார்ப்பவள் பெண். அவள் இரண்டு நாயகர்களில் எவரோடும் ஒன்றலாம், பக்கத்துக்குப் பக்கம் மாறலாம், இருவருக்கும் வெளியே நின்று கதையை நடத்தும் கடவுளாகவும் இருக்கலாம். காதலைப் பேசப் பால் மாறிக்கொள்வது தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று உருகியதை நாம் விகாரமாக நினைப்பதில்லை. ஆண் பெண்ணாகிப் பாடியதைப் பக்தி என்று போற்றிய மரபு, பெண் ஆணாகி எழுதினால் மட்டும் ஏன் என்று கேட்பது நியாயமில்லை.

அந்த 'ஏன்' என்ற கேள்வியிலேயே ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. துப்பறியும் கதை படிப்பவர்களிடம் கொலையில் உங்களுக்கு ஏன் ஆர்வம் என்று யாரும் கேட்பதில்லை. பெண்களின் இன்பம் என்று வந்தால் மட்டும் விளக்கம் கேட்கப்படுகிறது. 'ஃபுஜோஷி' என்று தங்களைத் தாங்களே கேலியாக அழைத்துக்கொள்ளும் இந்த வாசகிகளில் இல்லத்தரசிகள் உண்டு, மாணவிகள் உண்டு, பெண்களையே விரும்பும் பெண்கள் உண்டு. ஆய்வாளர் மிஸோகுச்சி அகிகோ, தாம் லெஸ்பியனாக வளர்ந்ததில் இந்தக் கதைகளுக்குப் பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்பவர். ஆண் வாசகர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றைக் காரணம் கிடைக்காது. அது கிடைக்காததால் எந்தக் குறையும் இல்லை.

குறைகள் வேறு இடத்தில் இருந்தன. 1990-களில் பிஎல் பெரும் வணிகமானது. மாதந்தோறும் பல இதழ்கள், நூற்றுக்கணக்கில் நூல்கள் என்று வந்தபோது கதைகள் வார்ப்பில் விழுந்தன. முன்னேறுபவன் 'செமே', ஏற்பவன் 'உகே' என்று பாத்திரங்கள் முதல் பக்கத்திலேயே பிரிந்தார்கள். செமே உயரமானவன், பணக்காரன், பேச்சில் குறைவு. உகே மென்மையானவன், பெரிய கண்கள் உடையவன். சமத்துவத்தைத் தேடி வந்த இடத்தில் பழைய கணவன் மனைவி ஏற்பாடு வேறு உடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வன்புணர்ச்சியைக் காதலின் வேகமாகக் காட்டும் கதைகள் ஏராளமாக வந்தன. நாயகன் தான் தன்பாலீர்ப்பாளன் இல்லை என்றும், இந்த ஒருவனை மட்டுமே நேசிப்பதாகவும் அறிவிப்பது ஒரு சடங்கானது. ஆண்களின் காதலைக் கொண்டாடும் கதைக்குள்ளேயே அப்படிப்பட்ட ஆண்கள்மீது அருவருப்பு இருந்தது.

இதை நேரடியாகத் தட்டிக் கேட்டவர் சாட்டோ மசாகி என்ற தன்பாலீர்ப்பாளர். 1992-ல் ஒரு சிறு பெண்ணிய இதழில் அவர் எழுதிய கோபமான கட்டுரை பல ஆண்டுகள் நீண்ட விவாதத்தைத் தொடங்கிவைத்தது. அழகான ஆண்களை மட்டும் பொறுக்கி எடுத்து ரசிக்கிறீர்கள். சாதாரண முகமும் சாதாரண வாழ்வும் கொண்ட எங்களை ஒரு பொம்மையாகப் பயன்படுத்துகிறீர்கள். எங்கள் துயரத்தைப் பற்றி உங்களுக்கு அக்கறையில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். சில பெண்கள் இது நிஜ ஆண்களைப் பற்றியதே அல்ல, எங்கள் கற்பனை என்று பதில் சொன்னார்கள். சிலர் வாயடைத்துப் போனார்கள். சிலர் அவர் சொல்வது சரி என்று ஏற்றார்கள். கற்பனை என்ற பதில் போதாது. ஒரு சிறுபான்மையின் பெயரை எடுத்துக் கதை எழுதும்போது அந்தப் பெயரோடு ஒரு கடனும் வருகிறது.

அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி கதைகளுக்குள்ளேயே நடந்தது என்பதுதான் பிஎல் வரலாற்றின் மதிக்கத்தக்க பகுதி. மிஸோகுச்சி தம் 2015-ஆம் ஆண்டு நூலில் இதை ஒரு பரிணாமமாகவே விவரிக்கிறார். 2000-த்துக்குப் பிறகு எழுதியவர்களில் சிலர், தங்கள் நாயகர்கள் நிஜமாகவே இருந்தால் என்ன செய்வார்கள் என்று யோசிக்கத் தொடங்கினார்கள்: பெற்றோரிடம் எப்படிச் சொல்வான், அலுவலகத்தில் என்ன ஆகும், பழைய நண்பன் எப்படி நடந்துகொள்வான். யோஷிநாகா ஃபுமி இந்தத் தலைமுறையின் பெரிய பெயர். பிஎல் இதழ்களிலும் ரசிகைச் சந்தைகளிலும் கை பழகிய அவர் 2007-ல் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்ற தொடரை, ஆண்கள் படிக்கும் 'மார்னிங்' வார இதழில் தொடங்கினார். ஷிரோ வழக்கறிஞர், நாற்பதுகளில் இருப்பவர், சிக்கனக்காரர். கென்ஜி முடிதிருத்தும் கலைஞர். அத்தியாயந்தோறும் ஷிரோ கடையில் விலை பார்த்துக் காய்கறி வாங்கி, இரவு உணவு சமைக்கிறார், இருவரும் சாப்பிடுகிறார்கள். அதற்கிடையே முதுமை, பெற்றோரின் சங்கடம், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் எவ்வளவு நெருக்கமாக நடப்பது என்ற தயக்கம் எல்லாம் வருகின்றன. மகன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்த பிறகு ஷிரோவின் தாய் காட்டும் அளவுக்கு மீறிய உற்சாகமும், பின்பு வெளிப்படும் உடைவும் எந்த நாட்டுக் குடும்பத்திலும் நடக்கக்கூடியவை. 2019-ல் இது தொலைக்காட்சித் தொடராகி வீடுகளின் வரவேற்பறைக்கு வந்தது. ஆனால் ஜப்பானில் சட்டம் இன்னும் மாறவில்லை. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்ய முடியாதது அரசியலமைப்புக்கு முரண் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தும் அத்தகைய திருமணத்துக்கு இடமளிக்கும் சட்டம் நாடாளுமன்றத்திலிருந்து வரவில்லை. கதைகளை விரும்பும் கூட்டம் எல்லாம் வாக்குப்பெட்டி வரை வந்துவிடுவதில்லை.

வாசகிகளுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒசாகா மாகாணத்தின் சக்காய் நகர நூலகத்தில் 2008-ல் ஒரு புகாரைத் தொடர்ந்து சுமார் 5,500 பிஎல் நூல்கள் பொது அடுக்கிலிருந்து அகற்றப்பட்டன. சமூகவியலாளர் உவேனோ சிஸுகோ உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். ஆண்களுக்கான வேட்கைக் கதைகள் அடுக்கில் இருக்க, பெண்கள் படிப்பவை மட்டும் மறைக்கப்படுவது ஏன் என்ற கேள்விக்கு நூலகத்தால் விடை சொல்ல முடியவில்லை. நூல்கள் மீண்டும் இரவலுக்கு வந்தன.

சீனத்தில் நிலைமை கடுமையானது. ஜப்பானியக் கதைகளின் தாக்கத்தில் அங்கே வளர்ந்த இணைய நாவல்களுக்கு 'டான்மெய்' என்று பெயர். 2003-ல் தொடங்கிய ஜின்ஜியாங் என்ற இணையதளம் அதன் தலைநகரம். எழுதுபவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அத்தியாயத்துக்குச் சில காசு கொடுத்துப் படிப்பவர்களும் அவர்களே. 2014-ன் தணிக்கை நடவடிக்கைக்குப் பிறகு அந்தத் தளம் 'டான்மெய்' என்ற பிரிவின் பெயரையே மாற்றியது. கழுத்துக்குக் கீழே எதையும் எழுதக் கூடாது என்ற விதி வந்தது. எழுத்தாளர்கள் அந்த நெருக்கடிக்குள்ளேயே எழுதினார்கள். மோ சியாங் தொங் சியூ என்ற புனைபெயரில் எழுதும் பெண்ணின் நாவலை வைத்து 2019-ல் வந்த 'தி அன்டேம்டு' என்ற 50 பகுதித் தொடரில் காதல் என்ற சொல்லே நீக்கப்பட்டு, நாயகர்கள் உற்ற தோழர்களானார்கள். பார்வையாளர்கள் பார்வைகளையும் மௌனங்களையும் வைத்தே காதலைப் படித்துக்கொண்டார்கள். அவருடைய நாவல்கள் 2021 டிசம்பரில் ஆங்கிலத்தில் வந்தபோது நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் இடம் பிடித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் சீன ஒலிபரப்புத் துறை டான்மெய் நாவல்களைத் தொடராக்குவதைத் தடுத்தது. 2018-ல் அன்ஹுய் மாகாண நீதிமன்றம் ஒன்று, இப்படிப்பட்ட நாவலை அச்சிட்டு விற்ற ஒரு பெண்ணுக்கு ஆபாசச் சட்டத்தின் கீழ் பத்தரை ஆண்டு சிறை விதித்திருந்தது. 2024 முதல் மீண்டும் பல பெண் எழுத்தாளர்கள் காவல்துறையால் அழைக்கப்பட்டார்கள், சிலர் தண்டிக்கப்பட்டார்கள். கற்பனைக் கதைக்குப் பத்தரை ஆண்டு என்பது எந்த அளவுகோலிலும் அநீதி.

தாய்லாந்து எதிர்த் திசையில் போனது. பெண்கள் இணையத்தில் எழுதிய பள்ளி, கல்லூரிக் காதல் கதைகள் 2014-ன் 'லவ் சிக்', 2016-ன் 'சோட்டஸ்' போன்ற தொடர்களாகி, பெருந்தொற்று ஆண்டான 2020-ல் '2கெதர்' வழியாக ஆசியா முழுவதும் பரவின. அங்கே இது இப்போது ஏற்றுமதித் தொழில். நடிகர்களை இணையாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். திரைக்கு வெளியேயும் அவர்கள் நெருக்கமாகத் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். காகிதத்தில் வரைந்த நாயகனுக்கு அதனால் பாதிப்பில்லை; இருபது வயது நடிகருக்கு உண்டு. நிஜ மனிதர்களை இணைத்துக் கற்பனை செய்யும் ரசிகைகள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை இது. 2025 ஜனவரியில் தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு உழைத்தவர்கள் பல ஆண்டுகளாகக் களத்தில் நின்ற செயற்பாட்டாளர்கள். தொடர்கள் அவர்களுக்குச் சாதகமான ஒரு காற்றை உண்டாக்கியிருக்கலாம், அவ்வளவே.

இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க விரும்புபவர்களுக்கு ஆங்கிலத்தில் நல்ல நுழைவாயில்கள் இருக்கின்றன. 'தோமாவின் இதயம்' 2013 முதல் ஒரே தொகுதியாகவும், 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' 2014 முதல் பல தொகுதிகளாகவும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதலில் ஹாகியோவைப் படியுங்கள், பிறகு யோஷிநாகாவைப் படியுங்கள்.